கேசிஎம்ஷெல் திறக்காதபோதும், திறந்தும் சொல் கேளாதபோதும்

லினக்ஸ் கணினிகளில் ஓடும் டெஸ்க்ரொப்பான கேடிஈ பிளாஸ்மாவில் சிஸ்டம் செற்றிங்ஸ் என்று நாம் திறப்பது ஓர் அலுமாரி. எழுத்துரு, திரை, கீபோர்ட், நேரம், பற்றறி என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குள் ஒரு லாச்சி இருக்கிறது. அந்த லாச்சிக்குத்தான் கேசிஎம் என்று பெயர்; இங்கே அதைக் கூறு என்று சொல்கிறோம். அலுமாரியைத் தொடாமல் வேண்டிய லாச்சியை மட்டும் இழுத்தெடுக்கிற கட்டளை கேசிஎம்ஷெல். 4 ஜிபி றாம் போட்ட பழைய மடிகணினியில் செற்றிங்ஸ் முழுவதும் ஏறி முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. செற்றிங்ஸே திறந்த கையோடு விழுந்துவிடுகிற நாளிலும் இது திறக்கும். கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பாக இருப்பவர், ஏ9 ஓரத்தில் நாலைந்து கணினி போட்டுக் கடை நடத்துபவர் ஆகியோரை மனதில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது.

கட்டளைகளை ரெலிபோனில் சொல்வதுபோல ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். ரெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டு கோடு `--` என்றால் நடுவில் இடைவெளி இல்லை. `_` கீழ்க்கோடு. அலைக்குறி `~` உங்கள் சொந்த ஹோம் அடைவு. கேசிஎம்ஷெல் என்பது கே, சி, எம் என்ற மூன்று எழுத்தும் ஷெல் என்ற சொல்லும் ஒட்டியது; வால்போல ஓர் எண்ணும் வரும்.

எதில் பிழை என்று தெரியாமல் கையை வைக்காதீர்கள். பிழை இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: கட்டளை, கூறு, அந்தக் கூறு எழுதுகிற அமைப்புக் கோப்பு. பிரித்தறிய இவ்வளவு போதும்:

`கேசிஎம்ஷெல்6 --லிஸ்ட்`

`கேசிஎம்ஷெல்6 கேசிஎம்_ஃபொன்ற்ஸ்`

முதலாவது பட்டியல் காட்டாவிட்டால் கட்டளையில் பிழை. பட்டியல் வந்து, எழுத்துருக் கூறும் திறந்து, உங்களுக்கு வேண்டிய கூறு மட்டும் திறக்காவிட்டால் அந்தக் கூறில் பிழை. எல்லாம் திறந்தும் மாற்றம் நிற்காவிட்டால் கோப்பில். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு பிளாஸ்மா முழுவதையும் கழற்றி மீண்டும் போடுகிறவர்கள் உண்டு. அதில் டேற்றாதான் முடியும். பழுதான கோப்பு ஹோமில் அப்படியே இருக்கும்.

"கொமாண்ட் நொட் ஃபவுண்ட்" என்கிறது

பெரும்பாலும் வால் எண் பிழை. பிளாஸ்மா 5 ஓடும் கணினியில் கேசிஎம்ஷெல்5, பிளாஸ்மா 6 ஓடும் கணினியில் கேசிஎம்ஷெல்6. பிளாஸ்மா 6 வந்தது 2024 பெப்ரவரியில். ஆனால் குபுன்ரு 24.04, டெபியன் 12 இரண்டிலும் இருப்பது 5.27. டெபியன் 13இல் 6.3. எது என்று தெரியாவிட்டால் `பிளாஸ்மாஷெல் --வேர்ஷன்` அடித்தால் எண்ணைச் சொல்லும்.

எண் சரியாக இருந்தும் இல்லை என்றால் அந்தக் கட்டளையைக் கொண்டுவருகிற மென்பொருள் பொதி ஏறவில்லை. டெபியனிலும் குபுன்ருவிலும் பொதியின் பெயர் கேடிஈ-சிஎல்ஐ-ரூல்ஸ்:

`சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் கேடிஈ-சிஎல்ஐ-ரூல்ஸ்`

இனி வரும் கட்டளைகளில் 6 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கணினிக்கு உரிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"குட் நொட் ஃபைண்ட் மொடியூல்" என்கிறது

கட்டளை நலம், கூறின் பெயரை அதற்குத் தெரியவில்லை. பெயரை மனப்பாடத்திலிருந்து அடிப்பதால் வரும் வினை இது. பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன: முன்னர் வெறும் ஃபொன்ற்ஸ் என்றிருந்தது பிறகு கேசிஎம்_ஃபொன்ற்ஸ் ஆனது, இரவு வெளிச்சக் கூறு பிளாஸ்மா 5இல் கேசிஎம்_நைட்கலர், 6இல் கேசிஎம்_நைட்லைட். பழைய குறிப்புகளைப் பார்த்து அடித்தால் கட்டாயம் சறுக்கும். பட்டியலிலேயே தேடுங்கள்:

`கேசிஎம்ஷெல்6 --லிஸ்ட் | கிரெப் -ஐ ஃபொன்ற்`

கோடும் கீழ்க்கோடும் கலந்து வருகிற பெயர்களில் கவனம். கணினி விபரம் காட்டும் கூறு கேசிஎம்_அபவுட்-டிஸ்ட்ரோ: முதலில் கீழ்க்கோடு, பிறகு சாதாரணக் கோடு. பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. ரெர்மினலில் அதற்குக் கொன்ற்ரோலோடு ஷிஃப்றையும் சேர்த்து சி, வி.

பட்டியலிலேயே பெயர் இல்லையா? அந்தக் கூறைக் கொண்டுவருகிற பொதி இல்லை. திரைக்கு கேஸ்கிரீன், வலைத்தொடர்புக்கு பிளாஸ்மா-என்எம், ஒலிக்கு பிளாஸ்மா-பிஏ, புளூரூத்துக்கு புளூடெவில், பிறிண்டருக்கு பிறிண்ட்-மனேஜர், உள்நுழைவுத் திரைக்கு கேடிஈ-கொன்ஃபிக்-எஸ்டிடிஎம். குறைந்த இடத்தில் நிறுவிய கணினிகளில் இவற்றில் இரண்டு மூன்று இருக்காது.

பொதி இருக்கிறது, பெயரும் சரி, ஆனாலும் பட்டியலில் வரவில்லை என்றால் பட்டியலின் சேமிப்பு பழையதாகக் கிடக்கிறது. பிளாஸ்மா 5இல் இது கூடுதலாக நடக்கும். `கேபில்ட்சைகோகா5 --நோஇன்கிரிமென்ரல்` அடித்தால் பட்டியல் புதிதாகக் கட்டப்படும்.

ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: ஒரே கட்டளையில் இரண்டு மூன்று கூறுகளை இடைவெளி விட்டு அடுத்தடுத்துக் கொடுக்கலாம். எல்லாம் ஒரே விண்டோவில் பக்கப்பட்டியலோடு திறக்கும். 20 கணினிக்கு ஒரே வேலையைச் செய்யும்போது மெனுவில் அலைவது மிச்சம்.

எரரும் இல்லை, விண்டோவும் இல்லை

கட்டளையை அடித்தவுடன் ரெர்மினல் அடுத்த வரிக்கு வந்துவிடுகிறது. திரையில் எதுவும் தெரியவில்லை. அதே கூறு ஏற்கெனவே எங்கோ திறந்து கிடக்கிறது என்பதுதான் இதன் பொருள். இரண்டாவதாகத் திறக்காமல் முதலாவதை முன்னுக்குக் கொண்டுவரவே கேசிஎம்ஷெல் முயலும். முதலாவது உறைந்துபோய்க் கிடந்தால் முன்னுக்கு வராது.

`பிகில் கேசிஎம்ஷெல்6`

பிறகு மீண்டும் திறங்கள். அப்படியும் காணாவிட்டால், இப்போது இல்லாத ஒரு திரையில் விண்டோ திறந்திருக்கிறது. மண்டபத்தில் புறொஜெக்ரர் கொழுவிக் கூட்டம் முடிந்து, இழுத்துக் கழற்றிக்கொண்டு வந்த மடிகணினியில் இது நடக்கும். கணினி இன்னும் புறொஜெக்ரர் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் விசையோடு பி அடித்து மடிகணினித் திரையை மட்டும் தெரிவு செய்யுங்கள். அது சரிவராவிட்டால்:

`கேஸ்கிரீன்-டொக்ரர் -ஓ`

இருக்கிற திரைகளின் பெயர்களை இது காட்டும். எச்டிஎம்ஐ-1 இன்னும் இயங்குவதாகக் காட்டினால் `கேஸ்கிரீன்-டொக்ரர் அவுட்புட்.எச்டிஎம்ஐ-1.டிஸேபிள்` என்று அணைக்கலாம். இந்தத் திரைப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில், பட்டியலில் இருக்கிறபடியே. ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப வந்தால் திரை நினைவுக் கோப்பை ஒதுக்கிவிடுங்கள்: பிளாஸ்மா 5இல் `~/.லோகல்/ஷெயார்/கேஸ்கிரீன்` என்ற அடைவு, பிளாஸ்மா 6 வேலாண்டில் (விண்டோக்களைத் திரையில் காட்டுகிற புதிய முறை; பழையது எக்ஸ்11) `~/.கொன்ஃபிக்/கேவின்அவுட்புட்கொன்ஃபிக்.ஜேசன்` என்ற கோப்பு. அழிக்க வேண்டாம், பெயருக்குப் பின்னால் `.பழசு` என்று சேர்த்து, வெளியேறி உள்நுழையுங்கள்.

புறொஜெக்ரரில் 1024×768க்கு மேல் தெரிவே வராவிட்டால் கேசிஎம்மைத் திட்டாதீர்கள். விஜிஏ வயரில் ஊசி உடைந்தோ வளைந்தோ இருந்தால் எதிரிலிருக்கும் கருவியின் அளவைக் கணினியால் வாசிக்க முடியாது. அப்போது 1024×768க்கு இறங்கி நிற்கும். வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

விண்டோ திறக்கிறது, ஆனால் அப்ளை பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது என்றால் விண்டோஸ் விசையை அமத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்திலும் இடது மவுஸால் பிடித்து மேலே இழுங்கள். 600 புள்ளி உயரமுள்ள சின்ன நெற்புக்குகளில் இதுவே எளிய வழி.

"குட் நொட் கனெக்ட் ரு டிஸ்பிளே" என்கிறது

கேசிஎம்ஷெல் ரெர்மினலில் பிறந்தாலும் விண்டோ இல்லாமல் வாழாது. எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் போயிருந்தாலோ, கொன்ற்ரோல் ஓல்ற் எஃப்3 அடித்துக் கறுப்புத் திரைக்குப் போயிருந்தாலோ இந்த எரர் வரும். கறுப்புத் திரை என்றால் உங்கள் வரைகலைத் திரைக்குத் திரும்புங்கள். எஸ்எஸ்எச் என்றால் `-எக்ஸ்` என்ற தெரிவோடு (எக்ஸ் பெரிய எழுத்து) உள்ளே போனால் விண்டோ உங்கள் திரையில் வரும்.

ஆனால் அந்த வழியை நாங்கள் விரும்புவதில்லை. எழுதுவது அங்கே, திரை இங்கே. அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் டெஸ்க்ரொப்புக்கு மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்பது நிச்சயமில்லை. தூரத்திலிருந்து அமைப்பை மாற்ற கேறைட்கொன்ஃபிக்6 பொருத்தமானது. விண்டோ எதுவும் கேட்காமல் அதே கோப்பில் அதே வரியை எழுதும். பயனர் அடுத்த முறை உள்நுழையும்போது மாற்றம் வரும்.

சூடோ போட்டுத் திறந்த பிறகு எல்லாம் குழம்பிவிட்டது

இதுதான் கையால் வருவிக்கிற வருத்தம். அனுமதி இல்லை என்று ஏதோ சொல்கிறதென்று கேசிஎம்ஷெல்லுக்கு முன்னால் சூடோ போடுவார்கள். அப்படிப் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மாற்றம் றூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஹோமுக்குப் போய்ச் சேரும். உங்கள் திரையில் ஒன்றும் மாறாது. இது பரவாயில்லை. மற்றது, `சூடோ -ஈ` (ஈ பெரிய எழுத்து) என்று போயிருந்தால் உங்கள் ஹோமுக்குள்ளேயே கோப்பு றூட்டின் பெயரில் எழுதப்பட்டுவிடும். அதன்பிறகு உங்கள் கணக்கால் அதைத் தொட முடியாது. கோப்பு எழுதக்கூடியதாக இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள் என்று உள்நுழையும்போதே ஓர் அறிவித்தல் வரும். அந்த நிர்வாகி நீங்களேதான்.

`எல்எஸ் -எல் ~/.கொன்ஃபிக்` அடித்து மூன்றாம் நாலாம் பத்தியைப் பாருங்கள். நல்ல கோப்பில் இரண்டிலும் உங்கள் பயனர் பெயர் இருக்கும். கெட்டது இப்படி நிற்கும்:

`-ஆர்டபிள்யூ------- 1 றூட் றூட் 2104 கேடிஈகுளோபல்ஸ்`

முன்னால் உள்ள ஆர்டபிள்யூ உரிமையாளருக்கு மட்டுமே வாசிக்கவும் எழுதவும் உரிமை தருகிறது. உரிமையாளர் றூட். ஆகவே உங்களால் அந்தக் கோப்பை வாசிக்கக்கூட முடியாது. எழுத்துரு, நிறம் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போனதுபோலத் தெரிவதற்குக் காரணம் அதுதான். உரிமையை மீட்க உரிமையாளரை மாற்றும் கட்டளை, அதாவது சி, எச், ஓ, டபிள்யூ, என்:

`சூடோ சௌன் -ஆர் $யூசர்: ~/.கொன்ஃபிக் ~/.லோகல் ~/.காஷ்`

ஆர், யூசர் இரண்டும் பெரிய எழுத்து. யூசருக்குப் பின்னால் உள்ள முக்காற்புள்ளியை விடாதீர்கள். அது குழுவையும் சேர்த்து மாற்றும். முடிந்ததும் வெளியேறி உள்நுழையுங்கள்.

நிர்வாகி உரிமை உண்மையிலேயே வேண்டிய கூறுகள், அதாவது நேரம், பயனர், உள்நுழைவுத் திரை போன்றவை, அப்ளை அடிக்கும்போது தாமாகவே கடவுச்சொல் கேட்கும். கேட்காமல் மறுத்தால், அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கிற பொல்கிற் முகவர் ஓடவில்லை. வெளியேறி மீண்டும் வந்து பாருங்கள். அதற்கும் சூடோ மருந்தில்லை.

விண்டோ திறக்கிறது, உள்ளே வெறுமை

சட்டம் மட்டும் வரும். நடுவில் சாம்பல் நிறம். ரெர்மினலில் விழுந்த வரிகளை வாசியுங்கள். கடைசி வரியை விட்டுவிட்டு, முதலாவதாக எரர் சொல்கிற வரியைப் பிடியுங்கள்; மற்றவை அதன் பின்விளைவுகள்.

"இஸ் நொட் இன்ஸ்டோல்ட்" என்று முடிந்தால் பொதிகள் பாதியில் நிற்கின்றன. அப்டேற் ஏறும்போது டேற்றா முடிந்தது, அல்லது கரண்ட் போனது. பாதிப் பொதி பழசு, பாதி புதிசு.

`சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ`

`சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புறோக்கன் இன்ஸ்டோல்`

`சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிறேட்`

இந்த ஒழுங்கில்தான். மூன்றாவது இறக்கப்போகும் அளவைச் சொல்லித்தான் ஆம் இல்லை கேட்கும். பற்றறி நிரம்பியிருக்கிறதா, டேற்றா போதுமா என்று பார்த்துவிட்டு ஆம் என்று சொல்லுங்கள்.

அப்படி ஒரு வரியும் இல்லாமல் வெறுமை என்றால் சேமிப்பு பழுதாகியிருக்கலாம். `~/.காஷ்/கேசிஎம்ஷெல்6` அடைவைப் பெயர் மாற்றிவிட்டுத் திறங்கள். அதற்கும் வராவிட்டால் பழைய கிறபிக்ஸ் சிப்பில் சந்தேகப்படலாம். அதை ஒதுக்கிப் பார்க்கும் வழி:

`கியூரி_குவிக்_பக்கென்ட்=சொஃப்ட்வெயார் கேசிஎம்ஷெல்6 கேசிஎம்_கேஸ்கிரீன்`

சமக்குறிக்கு முன்னால் உள்ளது முழுவதும் பெரிய எழுத்து. கியூரி என்றது கியூ, ரி என்ற இரண்டு எழுத்து. இப்படித் திறந்தால் கூறு நலம். கிறபிக்ஸ் இயக்கியில் பிழை.

அப்ளை அடித்தேன், மறுநாள் பழையபடி

உரிமைப் பிழையை மேலே பார்த்தாயிற்று. மற்றவை இடமும் வட்டும்.

`டிஎஃப் -எச் ~` அடித்தால் ஹோம் இருக்கும் வட்டின் நிரம்பல் தெரியும். 100% என்றால் கோப்பு எழுத இடமில்லை. மாணவர் இறக்கிவைத்த வீடியோக்களைத் தேடுங்கள், முதலில் குப்பைத்தொட்டியில்.

இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் வட்டு வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருக்கலாம். இடி முழக்கத்தோடு கரண்ட் வந்து வந்து போகிற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை முதலிலேயே சோதியுங்கள். `ஃபைண்ட்மவுண்ட் /` என்று அடித்து, தெரிவுகள் பத்தியில் ஆர்டபிள்யூ என்று தொடங்குகிறதா, ஆர்ஓ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆர்ஓ என்றால் வட்டில் பிழை கண்டு கேர்னல் எழுத்தைப் பூட்டியிருக்கிறது. கணினியை மீளத் தொடக்கினால் தொடக்கத்தில் வட்டுச் சோதனை ஓடும்; கேள்வி கேட்டு நின்றால் வட்டைத் திருத்துகிற ஃபிஸ்க் (எஃப், எஸ், சி, கே) ஓட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இதே கதை என்றால் வட்டு சாகிறது. கோப்புகளை முதலில் பென் டிரைவில் எடுங்கள், மற்ற ஆராய்ச்சி பிறகு.

கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு 0 பைட்டாக நிற்பதும் உண்டு. `எல்எஸ் -எல்` பட்டியலில் அளவுப் பத்தியில் வெறும் 0. அதைப் பெயர் மாற்றினால் அடுத்த உள்நுழைவில் புதிது உருவாகும். விண்டோ அமைப்புக்கு கேவின்ஆர்சி, கீபோர்ட்டுக்கு கேஎக்ஸ்கேபிஆர்சி, மவுசுக்கு கேசிஎம்இன்புட்ஆர்சி, எழுத்துருவுக்கும் நிறத்துக்கும் கேடிஈகுளோபல்ஸ். பழுதான ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள், `.கொன்ஃபிக்` முழுவதையும் வீசினால் உலாவியிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

ஸ்ரீலங்கா கீபோர்ட்டைத் தெரிந்தேன், சிங்களம் அடிக்கிறது

பிழையில்லை, அது அப்படித்தான். எக்ஸ்கேபி என்ற கீபோர்ட் தொகுப்பில் எல்கே என்ற நாட்டுக் குறியின் இயல்பு நிலை சிங்கள ஒலிமுறை. தமிழ் அதற்குக் கீழே ஒரு வகையாக இருக்கிறது. `கேசிஎம்ஷெல்6 கேசிஎம்_கீபோர்ட்` திறந்து, லேயவுட் பகுதியில் சேர்க்கும்போது "தமிழ், ஸ்ரீலங்கா, தமிழ்நெற் '99" என்பதை எடுங்கள். அதே பெயரில் வாலில் ராப் குறியீடு என்று இன்னொன்று இருக்கும். அது யுனிகோட் இல்லை, எடுத்தால் குப்பை வரும்.

20 கணினிக்கும் கையால் செய்ய வேண்டியதில்லை. மூன்று வரி:

`கேறைட்கொன்ஃபிக்6 --ஃபைல் கேஎக்ஸ்கேபிஆர்சி --குறூப் லேயவுட் --கீ லேயவுட்லிஸ்ட் யூஎஸ்,எல்கே`

`கேறைட்கொன்ஃபிக்6 --ஃபைல் கேஎக்ஸ்கேபிஆர்சி --குறூப் லேயவுட் --கீ வேரியன்ற்லிஸ்ட் ,ரம்_யுனிகோட்`

`கேறைட்கொன்ஃபிக்6 --ஃபைல் கேஎக்ஸ்கேபிஆர்சி --குறூப் லேயவுட் --கீ யூஸ் ட்றூ`

லேயவுட், லிஸ்ட், வேரியன்ற், யூஸ் ஆகியவற்றின் முதலெழுத்து மட்டும் பெரிது. ரம் என்பது ரி, ஏ, எம். இரண்டாவது வரியில் ரம்முக்கு முன்னால் நிற்கிற காற்புள்ளியைப் பாருங்கள். முதல் வரியில் இரண்டு கீபோர்ட் இருக்கிறது: யூஎஸ், எல்கே. இரண்டாம் வரியில் அதே வரிசையில் இரண்டு வகை இருக்க வேண்டும். யூஎஸ்ஸுக்கு வகை எதுவும் இல்லை, ஆகவே காற்புள்ளிக்கு முன்னால் வெறுமை. காற்புள்ளியை மறந்தால் ரம்_யுனிகோட் என்ற வகை ஆங்கிலக் கீபோர்ட்டின் தலையில் ஏறும். எல்கே வகையில்லாமல் நின்று மறுபடி சிங்களம் அடிக்கும். "மூன்று வரியும் போட்டும் சரிவரவில்லை" என்பவர்கள் முதலில் இந்தக் காற்புள்ளியைத் தேட வேண்டும். எழுதிய பின் வெளியேறி உள்நுழைய வேண்டும். வேலாண்டில் செற்எக்ஸ்கேபிமப் கட்டளையை நம்பி இறங்க வேண்டாம். அது எக்ஸ்11 காலத்து ஆள்.

தமிழ்நெற் 99 பழகாமல் ரெங்கநாதன் முறையில் கை ஓடுபவர்களுக்கு இந்தக் கூறில் இடமில்லை. அது எம்17என் தொகுப்பில் வருகிறது. ஃபிசிரிஎக்ஸ்5, ஃபிசிரிஎக்ஸ்5-எம்17என் பொதிகளைப் போட்டு, வேலாண்டில் `கேசிஎம்_வேர்ச்சுவல்கீபோர்ட்` திறந்து ஃபிசிரிஎக்ஸ் 5ஐத் தெரிந்தால்தான் அது எல்லா விண்டோவிலும் வேலை செய்யும். பெயர் மெய்நிகர் கீபோர்ட் என்றிருப்பதால் தேடுபவர் கண்ணில் படாது.

தமிழுக்குப் பதில் பெட்டி பெட்டியாக

`எஃப்சி-லிஸ்ட் :லாங்=ரிஏ` ஒரு வரியும் தராவிட்டால் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபொன்ற்ஸ்-நோற்றோ-கோர் அல்லது ஃபொன்ற்ஸ்-லோஹிற்-ரிஏஎம்எல் போட்டு, `எஃப்சி-காஷ் -எஃப்` அடித்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரி.

பெட்டி இல்லாமல், அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்து நின்றால் அது பாமினியில் அடித்த ஆவணம். கணினிக்கு அது ஆங்கிலம்தான். கேசிஎம்_ஃபொன்ற்ஸில் எதை மாற்றினாலும் தமிழாகாது. பாமினி எழுத்துருவை ஏற்றிப் பாருங்கள், அல்லது யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

நேரம் பிழைக்கிறது

கரண்ட் இல்லாமல் இரவு கிடந்த கணினி காலையில் பல வருடம் பின்னால் நின்றால் மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பற்றறி செத்துவிட்டது. நேரத்தைக் கூறில் திருத்தினாலும் நாளைக்கு அதே கதை. 3 வோல்ற் நாணயப் பற்றறி ஒன்றை மாற்றுங்கள். நேரம் பின்னால் நிற்கும்வரை ஆப்ட் "நொட் வலிட் யெற்" என்று மறுக்கும். உலாவியும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். இரண்டையும் இன்ரநெற் பிழை என்று எண்ணி றௌட்டரைக் கழற்றவேண்டாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் கணினியில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் ஒன்று வன்பொருள் மணிக்கூட்டை உள்ளூர் நேரமாகவும் மற்றது கிறீனிச் நேரமாகவும் வாசிக்கின்றன. `சூடோ ரைம்டேற்சிரிஎல் செற்-லோகல்-ஆர்ரிசி 1` அடித்தால் லினக்ஸ் விண்டோஸோடு ஒத்துப்போகும். நேர வலயம் ஏசியா/கொழும்பு.

இங்கே வன்னிக்கென்று ஒரு சிறு சிக்கல். 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006 ஏப்ரல் 15இல்தான் நாடு மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஏசியா/கொழும்பு என்ற தரவு கொழும்பின் கணக்கையே வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக் கோப்புகளின் நேரம் அரை மணி தள்ளிக் காட்டினால் கூறைத் திருத்தப் போகாதீர்கள். இன்றைய நேரம்தான் குழம்பும்.

கரண்ட் போனதும் மடிகணினியும் போகிறது

எப்படிப் போகிறது என்று பாருங்கள். அறிவித்தல் ஏதும் இல்லாமல் பட்டென்று கறுத்தால் பற்றறிக் கலங்கள் முடிந்தன. எந்தச் செற்றிங்ஸும் உதவாது. பற்றறி மிகக் குறைவு என்று எச்சரித்துவிட்டு உறங்கினால் அது பிளாஸ்மாவில் மின்சாரத்தைக் கவனிக்கிற பவர்டெவிலின் வேலை. பட்டியலில் பவர்டெவில் என்று தேடி, வருகிற கூறில் அபாய நிலையின் சதவீதத்தையும் அப்போது செய்ய வேண்டியதையும் மாற்றலாம். மாற்றுமுன் `யூபவர் -டி` அடித்துக் கப்பாசிற்றி என்ற வரியைப் பாருங்கள். புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் இப்போது எத்தனை வீதம் பிடிக்கிறது என்பது அது. மிகக் குறைவாக இருந்தால் சதவீதக் கணக்கே நம்பத்தகாதது. அபாய நிலையை இறக்கினால் கோப்பு சேமிக்கக்கூட அவகாசம் கிடைக்காது.

டொங்கிள் தெரியவில்லை

`எல்எஸ்யூஎஸ்பி` அடித்து 12டி1 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அது ஹுவாவேயின் குறி. இருந்தும் வலைத்தொடர்புக் கூறில் வராவிட்டால் டொங்கிள் தன்னை சிடி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி-மோட்சுவிச், மொடெம்மனேஜர் இரண்டையும் போட்டு, கழற்றிக் கொழுவுங்கள். ஹைலிங்க் வகை டொங்கிள் வயர் இணைப்பாகவே வரும். அதற்கு மொபைல் இணைப்பு உருவாக்க முனைந்து மினைக்கெடவேண்டாம், உலாவியில் 192.168.8.1 திறந்தால் போதும்.

ஒன்றுக்கும் அசையவில்லை

புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் அதே கூறைத் திறங்கள். அங்கே வேலை செய்தால் பிழை உங்கள் `.கொன்ஃபிக்`குக்குள், அங்கேயும் விழுந்தால் பொதியில் அல்லது இயக்கியில். உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் எரரை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்:

`லாங்குவேஜ்=ஈஎன்_யூஎஸ் கேசிஎம்ஷெல்6 கேசிஎம்_கேஸ்கிரீன் 2>&1 | ரீ ~/பிழை.ரிஎக்ஸ்ரி`

லாங்குவேஜும் யூஎஸ்ஸும் பெரிய எழுத்து. ரீ என்பது ரி, ஈ, ஈ. திரையில் விழுவதெல்லாம் கோப்பிலும் எழுதப்படும். அதோடு பிளாஸ்மாவின் பதிப்பு எண்ணையும், வேலாண்டா எக்ஸ்11ஆ என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ரெர்மினலை போனால் படம் பிடித்து அனுப்பினால் முதல் எரர் வரி பெரும்பாலும் மேலே வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.